முகம் தெரிகிற வேஷம்

என் மகள் பள்ளி மேடையில் இதுவரை இரண்டு முறை ஏறியிருக்கிறாள். இரண்டு முறையும் அவளை யாரும் பார்க்கவில்லை.

முதல் வருஷம் குதிரையின் பின்பாதி. முன்பாதிக்கு வேறொரு பிள்ளை. பழுப்புத் துணிக்குள் குனிந்து, முன்னால் போகிறவளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடையை இரண்டு சுற்று வந்தாள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். "அந்த முட்டியைப் பாருங்க சார், நம்ம பிள்ளை முட்டி. எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெருமை வேறு. மேடையில் இருந்தவை இரண்டு குதிரைகள். அவர் கைதட்டியது இன்னொரு குதிரைக்கு.

இரண்டாம் வருஷம் பாறை. சாம்பல் நிறப் போர்வைக்குள் இருபது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மற்ற பாறைகள் எல்லாம் சொறிந்துகொண்டும் தும்மிக்கொண்டும் இருந்தபோது என் பிள்ளை மட்டும் நிஜப் பாறையாகவே இருந்தது. அதைப் புகைப்படம் எடுத்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் "எந்த மலைக்குப் போயிருந்தீங்க?" என்று கேட்கிறார்கள்.

டீச்சர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் குரல் அப்படி. பசிக்கிறது என்று சொன்னால்கூட நாம் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். வீட்டில் அவளுக்கு முணுமுணு என்றே பெயர் வைத்துவிட்டோம். யாரிடம் இருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. நான் பேசினால் மூன்றாவது தெருவில் இருக்கிறவர்கள் பதில் சொல்வார்கள்.

இந்த வருஷம் மூன்றாம் வகுப்பு. பள்ளி திறந்த வாரமே முணுமுணு என் பக்கத்தில் வந்து நின்றாள். குனிந்தேன்.

"அம்மா, இந்தத் தடவை எனக்கு முகம் தெரியற வேஷம் வேணும்."

அவ்வளவுதான் கேட்டாள். பொம்மை கேட்டதில்லை, சைக்கிள் கேட்டதில்லை. பிறந்ததில் இருந்து வாய் திறந்து கேட்டது இந்த ஒன்றுதான். "அதுக்கென்ன, நான் பார்த்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான், அது என் கையில் இல்லாத விஷயம் என்று புத்தியில் உறைத்தது.

மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒல்லியான பெண். மூக்குக்கண்ணாடி முகத்தைவிடப் பெரிது. அறிவியல் என்றால் அவருக்கு உயிர். இந்த வருஷ நாடகம் தண்ணீரைப் பற்றி. கடல் காய்ந்து மேலே போய், மேகமாகி, மழையாகி, மலையில் பனிக்கட்டியாகி, உருகி மறுபடி கடலுக்கே வந்து சேர்கிற கதை. எழுதியதும் அவரே.

ஒரு சாயங்காலம் டைரியில் அவர் கையெழுத்தில் குறிப்பு வந்தது. 'உங்கள் மகள்: நீராவி. உடை தேவையில்லை.'

முதல் வரியைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீராவி! நான் யார்? லாண்டரியில் ஸ்டீம் பிரஸ் போடுகிறவள். பதினொரு வருஷமாக நீராவியோடு குடித்தனம் நடத்துகிறவள். ஹோட்டல் விரிப்பு, டாக்டர் கோட்டு, கல்யாணக் கோட்டு எல்லாம் என் கையால் ஆவி பட்டுத்தான் வெளியே போகின்றன. என் பிள்ளைக்கு அந்த வேஷம் என்றால் சும்மாவா?

இரண்டாம் வரியைப் படித்ததும் எனக்கு வந்ததே கோபம். "உடை தேவையில்லையாமே! என்ன நினைச்சுட்டு இருக்காங்க அந்த டீச்சர்? நம்மால ஒரு உடுப்பு தைச்சுக் குடுக்க முடியாதுன்னா?"

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நாள் முழுக்க நான் சூட்டில் நிற்கிறவள், அவர் குளிரில் கை வைக்கிறவர். குணமும் அப்படியே அமைந்துவிட்டது. "தேவையில்லைன்னா தேவையில்லைன்னு விடேன்மா" என்றார்.

விடுகிற ஆளா நான்? ஹோட்டலில் இருந்து கழித்துப் போட்ட வலைத் திரைச்சீலை பன்னிரண்டு மீட்டர் கடையில் கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கி, வெளுத்து, கஞ்சி போட்டு, நான்கு நாள் உட்கார்ந்து தைத்தேன். அடுக்கு மேல் அடுக்கு, சுருக்கத்துக்குள் சுருக்கம். போட்டுப் பார்த்தபோது முணுமுணுவால் வாசலைத் தாண்ட முடியவில்லை. பக்கவாட்டில் திருப்பி வெளியே எடுத்தோம். ஆனால் நடுவில் முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு அவள் தன் முகத்தையே பார்த்தாள், வெகுநேரம்.

மறுநாள் உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். டீச்சர் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆனா நீராவி கண்ணுக்குத் தெரியாது."

"என்னது?"

"நீராவி கண்ணுக்குத் தெரியாதும்மா. உங்க பொண்ணு திரைக்குப் பின்னால நிக்கணும். அதான் உடை வேண்டாம்னு எழுதினேன்."

எனக்குச் சிரிப்பதா சண்டை போடுவதா என்று ஒரு நொடி புரியவில்லை. சண்டையையே எடுத்துக்கொண்டேன். "டீச்சர், நீங்க புத்தகத்துல படிச்சிருப்பீங்க. நான் தினமும் பார்க்கறேன். வெள்ளையா, புசுபுசுன்னு, இந்தா இப்படி!" என்று உடுப்பை ஆட்டிக் காட்டினேன்.

"அது நீராவி இல்ல. நீராவி குளிர்ந்து மறுபடி பொடிப்பொடித் துளியா ஆயிடுச்சு. அதைத்தான் நீங்க பார்க்கறீங்க. நிஜ நீராவிக்கு நிறமே கிடையாது. நான் பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுக்க மாட்டேன்."

"நாளைக்குச் சாயங்காலம் எங்க லாண்டரிக்கு வாங்க. நான் காட்டறேன் உங்களுக்கு நீராவி."

வந்துவிட்டார் அந்தப் பெண்! கையில் நோட்டுப் புத்தகம் வேறு. எங்கள் கடையில் துணி மடிக்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். ஊர் வம்பு என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மடிப்பதை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நான் பாய்லர் குழாயின் கைப்பிடியைத் திருகினேன். புஸ்ஸ்ஸ் என்று சீறிக்கொண்டு வெள்ளை வெளேரென்று வந்தது பாருங்கள், கூரை வரைக்கும்! இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "இது என்ன கலர் டீச்சர்?"

டீச்சர் வெள்ளையைப் பார்க்கவே இல்லை. குனிந்து குழாயின் வாயைப் பார்த்தார். "குழாய் இங்க முடியுது. வெள்ளை அங்க ஆரம்பிக்குது. நடுவுல ரெண்டு விரல் அளவுக்கு இடம் இருக்கு, பாருங்க. அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்போ அங்க விரலை வைங்க."

நான் வைக்கவில்லை. வைப்பேனா? பைத்தியமா எனக்கு? ஸ்டூலில் இருந்து மடிக்கிற அக்கா பெரிதாகச் சிரிக்க ஆரம்பித்தாள். "ஏய், உன் மணிக்கட்டைக் காட்டுடி டீச்சருக்கு!"

என் வலது மணிக்கட்டில் ஒரு பழைய தழும்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வெள்ளைக்குப் பயந்து, வெள்ளை இல்லாத இடமாகப் பார்த்துக் கையை நீட்டினேன். அந்த ஒன்றும் இல்லாத இடம்தான் என்னைச் சுட்டது. அன்றில் இருந்து கடைக்கு வருகிற ஒவ்வொரு புது ஆளிடமும் நானேதான் சொல்கிறேன், வெள்ளை பட்டால் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் இருக்கிற வெறும் இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று. பதினொரு வருஷமாகச் சொல்கிறேன். அதுதான் நீராவி என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

டீச்சர் தழும்பைப் பார்த்தார். முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை. "ரொம்ப வலிச்சிருக்கும்" என்றார். அவர் கிண்டல் செய்திருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருப்பேன். மூக்குடைந்து நின்றேன்.

போகும்போது திரும்பி, "அந்த உடுப்பு மேகத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்மா. மேகம்னா தண்ணித் துளிதான், வெள்ளையாத் தெரியலாம். குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

மேகம் யார் என்றால், வகுப்பிலேயே உயரமான ஒரு பையன். நான்கு நாள் கண் பூத்துப்போகத் தைத்ததை எவன் பெற்ற பிள்ளைக்கோ தூக்கிக் கொடுத்தேன். வயிறு எரிந்தது. மறைக்க மாட்டேன், நன்றாகவே எரிந்தது.

முணுமுணுவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "பரவால்லம்மா" என்றாள். அழுதிருந்தால் தேவலை. மறுநாள் காலை தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் முதுகு என் பக்கம். என்னவோ சொன்னாள், வழக்கம்போல் கேட்கவில்லை. குனிந்தேன்.

"நான் அன்னைக்கு வரலைன்னாலும் நாடகம் நடக்கும் இல்லம்மா?"

சீப்பு அப்படியே நின்றது. அன்று லாண்டரியில் மூன்று சட்டைகளை மடிப்பு மாற்றிப் போட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போய் நின்றேன்.

"டீச்சர், கண்ணுக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா மேடையில ஒண்ணுமே இல்லன்னா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? நீராவின்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு தானே? அது மட்டும் சரியான பாடமா?"

டீச்சர் நாற்காலியில் சாய்ந்தார். "அதாம்மா எனக்கும் பத்து நாளாத் தூக்கம் இல்ல. இருக்குன்னு காட்டணும், ஆனா தெரியக் கூடாது. எப்படின்னே பிடிபடல."

பார்த்தீர்களா, என்னிடம் அத்தனை அறிவியல் பேசினவருக்கு வழி தெரியவில்லை. கொஞ்சம் குளிர்ந்தேன். "குளிர் நாள்ல எங்க கடை சன்னல் கண்ணாடி பூரா தண்ணி பூத்துடும். மடிக்கிற அக்கா அதுல விரலால கணக்குப் போடுவா. குளிர்ந்த கண்ணாடி இருந்தா போதும், காத்துல இருக்கறது தானா வந்து ஒட்டிக்கும்."

டீச்சர் எழுந்தே விட்டார். "பெரிய கண்ணாடியா இருக்கணும். நல்லாக் குளிர்ந்திருக்கணும். எங்கே கிடைக்கும்?"

என் வீட்டில் கிடைக்கும். ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். கடைகளில் பாட்டில் அடுக்கி வைப்பார்களே, ஆள் உயர ஃபிரிட்ஜ், அதன் கண்ணாடிக் கதவு ஒன்று அவர் பட்டறையில் சும்மா கிடந்தது. "பெரிய ஃப்ரீசர்ல ஒரு நாள் முழுக்க வெச்சு, கம்பளியில சுத்திக் கொண்டு வந்துடறேன். உன் ஸ்டீம், என் குளிர். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நம்ம ரெண்டு தொழிலும் இப்பதான் ஒண்ணு சேருது" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஆக ஏற்பாடு இதுதான். மேடையின் பின்திரையில் ஒரு சன்னல் அளவுக்கு வெட்டு. அந்த வெட்டில் படுக்கைவாக்கில் கண்ணாடிக் கதவு. பின்னால் இருட்டு. கடல் காய்கிற கட்டம் வந்ததும் நான் உள்பக்கம் இருந்து கை ஸ்டீமரால் கண்ணாடியின் மேல்பாதியில் ஆவி காட்ட வேண்டும். முணுமுணு கண்ணாடிக்குக் கீழே, பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் குந்திக்கொண்டு ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும். 'நான் இங்கேதான் இருக்கேன். ஆனா உங்க கண்ணுக்குத் தெரிய மாட்டேன்.'

குரல் மட்டும். முகம் இல்லை. "சம்மதமாடி கண்ணு?" என்று கேட்டேன். தலையாட்டினாள். குதிரைக்கும் பாறைக்கும் இப்படித்தான் தலையாட்டியிருப்பாள் என்று தோன்றியது. வாக்குக் கொடுத்த வாயை அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

விழா நாள் வந்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கைக்குழந்தை மாதிரி கம்பளியில் சுற்றி எடுத்து வந்து, வெட்டில் பொருத்தி, மேடைப் பக்கம் பூக்காமல் இருக்கச் சோப்பு தேய்த்துவிட்டு, மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். நானும் பிள்ளையும் பின்னால் இருட்டில். உள்பக்கம் தானாகப் பூப்பதை நான் துணியால் ஒற்றிக்கொண்டே இருந்ததால், கண்ணாடி வழியாக மேடையும் அதற்கு அப்பால் கூட்டமும் எனக்கு நன்றாகத் தெரிந்தன.

நாடகம் ஆரம்பித்த இரண்டாவது நிமிஷமே கடலில் தகராறு. அலைகள் ஆறு பேர். நீலத் துணியின் நுனியை யார் பிடிப்பது என்று அடித்துக்கொண்டார்கள். சூரியன் வந்து வசனத்தை மறந்து, முன்வரிசையில் இருந்த தன் சித்தியைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. டீச்சர் ஓரத்தில் நின்று "சுடு! கடலைச் சுடு!" என்று கிசுகிசுக்க, மறுபடி ஓடி வந்து, "சுட்டாச்சு!" என்று ஒரு வார்த்தையில் முடித்தது. சனம் சிரித்துக் களேபரம் பண்ணியது.

எங்கள் முறை. நான் விசையை அழுத்தினேன்.

கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு மங்கல். அது கீழே இறங்கி, பால் மாதிரி வெள்ளையாகப் பரவியது. கொஞ்ச நேரத்தில் துளிகள் திரண்டு கோடு கோடாக வழிய ஆரம்பித்தன. எனக்குக் கூட்டம் மறைந்துபோனது. "அட, தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று யாரோ கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

கீழே முணுமுணு வசனத்தைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"கேட்கல!" என்று பின்வரிசையில் இருந்து ஒரு ஆள் கத்தினான். நாசமாய்ப் போகிறவன்.

அவள் மறுபடி சொன்னாள்.

"சத்தமா! கேட்கல!"

நானே அவளுக்குப் பதில் கத்திவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பிள்ளை எழுந்துவிட்டாள். சூடு பட்டுவிடும் என்று பதறி விசையை விட்டுக் கையைப் பின்னால் இழுத்தேன். அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்து, நாங்கள் சாப்பாட்டு மேஜையைத் துடைப்பதைப் போல, வட்டமாக ஒரு துடைப்பு துடைத்தாள். தட்டு அளவுக்கு ஒரு வட்டம். அதில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள். மூச்சை இழுத்தாள்.

"நான் இங்கேதான் இருக்கேன்! ஆனா உங்க கண்ணுக்குத் தெரிய மாட்டேன்!"

அப்படி ஒரு சத்தம் என் பிள்ளையின் தொண்டைக்குள் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரியும். மூன்றாவது தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மொத்தக் கூட்டமும் குலுங்கிச் சிரித்தது. பின்னே, முகத்தைத் தாம்பாளத்தில் வைத்தது போல் காட்டிக்கொண்டு, தெரிய மாட்டேன் என்றால்? எனக்கு உயிர் போய்விட்டது. சுருங்கிவிடுவாள், இனிமேல் வீட்டில்கூடப் பேச மாட்டாள் என்று நினைத்தேன். அவளைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன்.

அவள் தலைக்கு மேலே, துடைத்த வட்டத்தின் ஓரம் வழியாக, மூன்றாவது வரிசை தெரிந்தது. அங்கே ஒருவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் கத்தினார்.

"தெரியுதும்மா! நல்லாத் தெரியுது!"

இந்த முறை சரியான பிள்ளைக்குத்தான் கைதட்டினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள், பிறகு எல்லோரும்.

எனக்கு அவள் முகம் தெரியவில்லை. நான்கு நாள் தைத்து, டீச்சரோடு சண்டை போட்டு, மூக்குடைபட்டு, கடைசியில் நான் பார்த்தது காலையில் நான் பின்னிவிட்ட அதே இரட்டைப் பின்னலைத்தான். ஆனால் பின்னலுக்கு இரண்டு பக்கமும் காதுகள் மெல்ல மேலே ஏறின. வாய் நிறையச் சிரித்தால் அவளுக்கு அப்படித்தான் காது ஏறும்.

ஓரத்தில் இருந்து டீச்சர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். மூக்குக்கண்ணாடிக்கு உள்ளே கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஸ்டீம்! அடுத்தது மேகம் வரணும், ஸ்டீம் போடுங்கம்மா!" என்று கிசுகிசுத்தார். என் உடுப்பைப் போட்டுக்கொண்டு மேகமும் மேடை வாசலில் மாட்டிக்கொண்டு நின்றது.

"மேகம் கொஞ்சம் நிக்கட்டும் டீச்சர்" என்றேன். விசையில் இருந்து எடுத்த விரலை நான் திரும்ப வைக்கவில்லை.